பெரில் மரியாதையாகப் பேசினால்

டுலூத், மினசோட்டா
14 நவம்பர் 1983

திருமதி சோல்வே ரெட்டிங்கருக்கு,

நான் பெரில் ஹாலம். உங்கள் அப்பா ஆர்விட் டோலஃப்சன் இருக்கும் முதியோர் இல்லத்தில் பகல் நேர நர்ஸ். இரண்டு வாரம் முன்பு ஞாயிற்றுக்கிழமை அரிசோனாவிலிருந்து நீங்கள் அவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டு, எங்கள் நிர்வாகி திருமதி எக்லண்டுக்குப் புகார் எழுதினீர்களே, அந்தக் குரல் என்னுடையதுதான்.

உங்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும் என்று எனக்கு உத்தரவு. காகிதம் கொடுத்தார்கள், உறை கொடுத்தார்கள், தபால்தலைகூட ஒட்டிக் கொடுத்தார்கள். மன்னிப்பு மட்டும் என்னிடம் இல்லை. தபால்தலை வீணாக வேண்டாமே என்று எழுதுகிறேன்.

நான் சொன்னது இதுதான்: "எந்திரிய்யா, அரைக்காசுக்குப் பெறாத கிழவா! இப்ப சாப்பிட வரலன்னா கட்டிலோட தூக்கி ஏரியில போட்டுருவேன்." ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. உங்கள் காதில் விழாமல் போனது அவர் சொன்ன பதில். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஏரித் தண்ணி ஜில்லுனு இருக்கும்டி இங்கிலீஷ்காரி. நீ மொதல்ல குதிச்சுப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். அதற்காகத்தான் உங்களிடம் அவசரமாக "சரிம்மா, வைக்கிறேன்" என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவரால்.

உங்கள் அம்மா இறந்த பிறகு ஏப்ரலில் இங்கே வந்தார். கோடை முழுக்க அவர் வாயிலிருந்து வந்தவை மூன்றே சொற்கள்: நன்றி, பரவாயில்லை, வேண்டாம். எல்லாரும் அவரிடம் தேன் தடவிப் பேசினார்கள். ஒரு நாள் சூப்பை மடியில் கொட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். "பசி உனக்கா உன் கால்சட்டைக்கா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்து, "கால்சட்டைக்குத்தான். நீ சமைச்சதை வாய் ஒத்துக்கல" என்றார். அன்று இரண்டாவது தட்டு சூப் குடித்தார்.

நான் இங்கிலாந்தில் டார்பிஷயர் பக்கம், இல்கஸ்டன் ஊர்க்காரி. எங்கள் ஊரில் பஸ் கண்டக்டர் மேயரையே "வாடா என் வாத்தே" என்றுதான் கூப்பிடுவார். நம் ஆள் என்றால் திட்டுவோம். பிடிக்காதவர்களுக்குத்தான் "சார்", "மேடம்" எல்லாம். உங்கள் ஊரில் தலைகீழ் என்று தெரியும். இங்கே வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது, என் நாக்கு மட்டும் இன்னும் விமானம் ஏறவில்லை. இனிமேலும் ஏறாது.

பெரில் ஹாலம்


டூசான், அரிசோனா
22 நவம்பர் 1983

அன்புள்ள திருமதி ஹாலம்,

உங்கள் கடிதம் கிடைத்தது. எழுத நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. அது வேறு மாதிரி இருந்தது.

இங்கே வெயில் இதமாக இருக்கிறது. டுலூத்தில் பனி பெய்திருக்கும் என்று நினைக்கிறேன். சாலைகளில் கவனமாகப் போய்வாருங்கள்.

உங்களைப் புண்படுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். என் அப்பா இரும்புத்தாதுக் கப்பல்களில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எங்கள் லூத்தரன் சபையின் மூப்பர். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் குரலை உயர்த்தியதே இல்லை. நாய் கம்பளத்தை நாசமாக்கினால்கூட அப்பா அதனிடம், "இது அவ்வளவு சரியில்லையே" என்றுதான் சொல்வார். அப்படிப்பட்டவரை இந்த வயதில் ஒருவர் அரைக்காசுக்குப் பெறாதவர் என்பதை நான் போனில் கேட்டேன். என் கணவருக்கு ஆஸ்துமா, அதனால் இந்தப் பாலைவனத்தை விட்டு நகர முடியாது. அந்தப் போன் ஒன்றுதான் எனக்கு அப்பாவோடு இருக்கும் வழி. அதில் நான் கேட்டது அது.

ஆகஸ்டில் நான் வந்திருந்தபோது நடந்ததையும் நினைவூட்ட வேண்டும். வாசலில் நின்று வானத்தைக் காட்டி, "பில் அம்மா வீட்டுப் பக்கம் கறுத்துக் கெடக்கு, பாத்துப் போங்க" என்றீர்கள். எங்கள் சபையில் பில் என்றால் பில் ஹாகன்தான். அவருடைய அம்மாவுக்குத் தொண்ணூற்றொன்று. அந்த வீட்டில் ஏதோ துக்கம் நடந்துவிட்டது என்று நான் போதகரின் மனைவியிடம் சொன்னேன். மாலைக்குள் நான்கு பெண்கள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு ஹாட்டிஷ் செய்து, துக்க வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரியே துணி மூடி எடுத்துப் போனார்கள். கதவைத் திறந்தது பில்லின் அம்மா. "யாருக்கு இது?" என்று கேட்டார். நால்வரும் மூடிய துணியைச் சரிசெய்தார்கள். அவர் தட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். மழை வரப்போகிறது என்பதை உங்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. தட்டை நாங்கள் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.

தயவுசெய்து இனி அவரைத் திரு. டோலஃப்சன் என்று கூப்பிடுங்கள். திருமதி எக்லண்டிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். உங்களால் முடியாவிட்டால் வேறொருவரை அவருக்கு நியமிப்பதாகச் சொன்னார். அப்படி நேர்ந்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
சோல்வே ரெட்டிங்கர்


டுலூத்
1 டிசம்பர் 1983

மதிப்பிற்குரிய திருமதி ரெட்டிங்கர் அவர்களுக்கு,

பணிவான வணக்கம். தங்கள் விருப்பம் நிர்வாகியின் வாயிலாக எனக்குத் தெரிவிக்கப்பட்டது. அதனை அன்று முதல் முழுமையாக நிறைவேற்றி வருகிறேன்.

திரு. டோலஃப்சன் அவர்களை நாள்தோறும் "காலை வணக்கம், ஐயா" என்று கூறி எழுப்புகிறேன். போர்வையைச் சரிசெய்கிறேன். "கஞ்சி தங்களுக்குத் திருப்தியாக உள்ளதா, ஐயா?" என்று வினவுகிறேன். திருப்தியாக உள்ளது என்கிறார். ஏரியைப் பற்றியோ வாத்துகளைப் பற்றியோ எவ்விதப் பேச்சும் இல்லை.

தாங்கள் கேட்டுக்கொண்டது இதுதான் என நம்புகிறேன். குறை ஏதும் இருப்பின் தெரிவிக்கக் கோருகிறேன்.

தங்கள் பணிவுள்ள,
பி. ஹாலம்


டூசான்
10 டிசம்பர் 1983

அன்புள்ள திருமதி ஹாலம்,

உங்கள் கடிதத்தைப் படித்து எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது. இத்துடன் எங்கள் தோட்டத்து கிரேப்ஃப்ரூட் ஒரு பெட்டி அனுப்புகிறேன். நீங்களும் மற்ற நர்ஸுகளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றம் எனக்கே தெரிகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மிகவும் சாந்தமாகப் பேசினார். வானிலை பேசி முடித்ததும் வழக்கம்போல் வைத்துவிடாமல், "சோல்வே, நீ நல்ல பொண்ணு. உன்மேல எனக்கு ரொம்பப் பிரியம்" என்றார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இதை அவர் வாயிலிருந்து கேட்டது இதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன்.

அம்மா பக்கத்து இடத்தைப் பற்றியும், மண் இறுகிவிட்டதா என்றும் கேட்டார். அம்மாவின் பழைய பூச்செடிகளைப் பற்றிக் கேட்கிறார் போலிருக்கிறது. தோட்டத்தில் இவ்வளவு ஆர்வம் வந்தது நல்ல அறிகுறி. வசந்தத்தில் கிழங்குகள் வாங்கி அனுப்புகிறேன் என்றேன்.

மரியாதை ஒரு மனிதரை எப்படி மாற்றுகிறது பாருங்கள்.

நன்றியுடன்,
சோல்வே


டுலூத்
17 டிசம்பர் 1983

சோல்வே,

மரியாதையை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். உட்கார்ந்து படியுங்கள்.

பூச்செடியாவது, கிழங்காவது! நீங்கள் இந்த ஊரில் பிறந்தவர். இங்கே மண் உறைந்துவிட்டால் குழி தோண்ட முடியாது, செத்தவர்கள் வசந்தம் வரைக்கும் பெட்டியில் காத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாதா? உங்கள் அப்பா தன் குழியைப் பற்றிக் கேட்டார்.

பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தூண்டில் பெட்டியை எதிர் அறை லெஸ்டருக்குக் கொடுத்துவிட்டார். டாக்டர் வந்து தட்டிப் பார்த்தார், குத்திப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை என்றார். நேற்று நான் போர்வையைச் சரிசெய்யும்போது கையைப் பிடித்துக்கொண்டார். "பெரில், எனக்கு இன்னும் எவ்வளவு நாள்? டாக்டர் சொல்ல மாட்டேங்கிறார். நீயாவது சொல்லு."

"உனக்கு நாள் எண்றாங்கன்னு யாருய்யா சொன்னது?" என்று கேட்டேன். "நீதான் சொன்ன" என்றார். "பன்னெண்டாம் ரூம் லோஃப்கிரனை தெனமும் கிழட்டுக் கொரங்குன்னு கூப்பிட்டுட்டிருந்த. ஒரு நாள் டாக்டர் வந்துட்டுப் போனாரு. அன்னைக்குச் சாயங்காலம் 'தலகாணி சரியா இருக்கா, மிஸ்டர் லோஃப்கிரன்'னு கேட்ட. அந்த வாரமே போயிட்டான். பெடர்சன் அம்மாவுக்கும் அப்படித்தான். இப்ப என்னை ஐயாங்கிற."

அவர் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆமாம், நான் அப்படித்தான் செய்கிறேன். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான். திருப்பிக் கொடுக்கத் தெம்பு இருக்கிறவரைத்தான் திட்டுவோம். தெம்பு போனவரைத் திட்டினால் அது அடி, விளையாட்டு இல்லை. ஆகவே கடைசியில் எல்லாருக்கும் மரியாதை வந்துவிடுகிறது.

உண்மையைச் சொன்னேன். "உன் பொண்ணு போட்ட உத்தரவுய்யா இது!" என்றேன். சிரித்தார், அந்தப் பழைய சபை மூப்பர் சிரிப்பு. "நீ நல்லவ பெரில். பொய் சொல்றப்பகூட நல்லாத்தான் சொல்ற" என்றார். அரைக்காசுக்குப் பெறாதவனே, ஊத்தைவாயா, புளிச்ச முட்டைக்கோசே என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் தாழ்வாரமே அதிரக் கத்தினேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, "நன்றி, நல்லா நடிக்கிற" என்றார்.

நடிப்பு இல்லை என்று திருமதி எக்லண்டுக்கு மட்டும் புரிந்துவிட்டது. இன்று முதல் நான் வீட்டில். கிறிஸ்மஸ் கழிந்து என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார்களாம். செய்யட்டும். இந்த வேலை போனால் உருளைக்கிழங்கு உரித்துப் பிழைப்பேன். வாயைத் தைத்துக்கொண்டு பிழைக்க மாட்டேன்.

ஆனால் அவர் சாப்பிட வேண்டும். என்னை நம்ப மாட்டார். டோலஃப்சன் குடும்பத்தில் பொய் சொல்லாத ஒருத்தியாக நீங்கள் மிச்சம் இருக்கிறீர்கள். போன் போடுங்கள். திட்டுங்கள். மென்மையாகச் சொன்னால் குழிக்குள் இன்னும் ஒரு அடி இறங்குவார்.

பெரில்


டூசான்
26 டிசம்பர் 1983

பெரில்,

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் மரியாதை கேட்டேன். நீங்கள் கொடுத்தது மரியாதையா? அந்த "வினவுகிறேன்", "கோருகிறேன்" எல்லாம் எனக்கு எதிரான வேலைநிறுத்தம். படிக்கும்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது திரும்பப் படித்தால் ஒவ்வொரு வரியிலும் நீங்கள் நாக்கைத் துருத்திக்கொண்டிருப்பது தெரிகிறது. நம் இருவருக்கும் சண்டை. பட்டினி கிடந்தது என் அப்பா. இதை நான் இலகுவில் மறக்க மாட்டேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் கடிதம் வந்த அன்றே போனை எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன், வைத்தேன். என் கணவர் டேலைத் திட்டிப் பழகிப் பார்த்தேன். "டேல், நீங்க ஒரு முட்டைக்கோஸ்" என்றேன். "நன்றி, கண்ணே" என்றார். எனக்கு வரவில்லை பெரில், அது எங்கள் வாயில் இல்லை.

கடைசியில் கூப்பிட்டேன். நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள் என்று அப்பா ஒருமுறை சொன்னாரே, காரியம் முடிந்தது என்பதற்கு, "பாப் உன் மாமா" என்று, அதுதான் நினைவுக்கு வந்தது. "அப்பா, நீங்க சாகப்போறதில்ல. பாப் உங்க மாமா" என்றேன். "என் மாமா பேரு ஓலாஃப்" என்றார். "இதெல்லாம் அந்த இங்கிலீஷ்காரி சொல்லிக் குடுத்ததா? பரவால்லம்மா. ரெண்டு பேரும் ரொம்ப நல்லவங்க. அங்க வெயில் எப்படி?"

வெயில் எப்படி என்று கேட்டார் பாருங்கள், அப்போது என்னவோ ஆகிவிட்டது எனக்கு. நான் கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது, அவ்வளவு கத்தினேன்.

"வெயிலா? முப்பது வருஷமா ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை வெயிலும் பனியும்தான் பேசியிருக்கோம்! அம்மா போன அன்னைக்குக்கூட 'ரோட்ல வழுக்கும், பாத்து வா'ன்னீங்க, வேற ஒரு வார்த்தை சொல்லல! இப்ப ஒரு தடவ பிரியம்னு சொல்லிட்டு, நான் அழுது முடிக்கறதுக்குள்ள குழிக்கு எடம் பாக்கறீங்களா? அப்படியெல்லாம் தப்பிக்க விடமாட்டேன். கல்லுளிமங்கா! அரைக்காசுக்குப் பெறாத கல்லுளிமங்கா! எந்திரிச்சுப் போய்ச் சாப்பிடுங்க!"

மூச்சு வாங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாவைக் கல்லுளிமங்கா என்று சொல்லிவிட்டேனே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். 

பிறகு, "இந்த வாயை இவ்வளவு நாளா எங்கடி வச்சிருந்த?" என்றார். அவர் குரல் மாறியிருந்தது. "சாகறவன்கிட்ட டோலஃப்சன் வீட்டுப் பொண்ணு இப்படிக் கத்தமாட்டா" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். அப்புறம் யாரையோ கூப்பிட்டு, "இன்னைக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. போனை வைக்க மறந்துவிட்டார். ஸ்பூன் சத்தம் கேட்கும்வரை நான் காதிலிருந்து எடுக்கவில்லை.

திருமதி எக்லண்டுக்கு எழுதிவிட்டேன், புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று. பெரில் ஹாலம் வேலையில் இல்லாவிட்டால் என் அப்பாவும் அந்த இல்லத்தில் இல்லை, அதோடு எங்கள் சபையின் எண்பது குடும்பங்களுக்கும் காரணத்தை நானே கடிதத்தில் விளக்குவேன் என்றும் எழுதினேன். மிகவும் மரியாதையாகத்தான் எழுதினேன். எங்கள் ஊரில் பயப்பட வேண்டியது அந்த மாதிரிக் கடிதத்துக்குத்தான்.

போய் வேலையைப் பாருங்கள், புளிச்ச முட்டைக்கோசே.

சோல்வே


டுலூத்
9 ஜனவரி 1984

என் வாத்தே,

முட்டைக்கோஸ் என்பதை நீங்கள் பயன்படுத்திய இடம் சரிதான். டேலை மட்டும் "நீங்க" போட்டுத் திட்டாதீர்கள், சாரம் போய்விடுகிறது.

எனக்கு வேலை திரும்பக் கிடைத்தது. எக்லண்ட் அம்மாள் உங்கள் கடிதத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார். இந்தக் கடிதம்தான் அது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன், ஆகவே கேட்டால் வந்தது என்று சொல்லுங்கள்.

வேலைநிறுத்தம் என்றீர்கள். ஆமாம், அதுதான் செய்தேன். நீங்கள் கேட்டதை அப்படியே கொடுத்து உங்களை வெட்கப்பட வைக்கலாம் என்று நினைத்தேன். அவரும் அந்த அறையில் இருக்கிறார் என்பதை மறந்துவிட்டேன். அதற்கு மட்டும் எனக்கு வருத்தம். நாக்குக்கு இல்லை.

உங்கள் அப்பா தூண்டில் பெட்டியைத் திருப்பிக் கேட்டார். "செத்தவன் குடுத்ததைத் திரும்பக் கேக்கக் கூடாது" என்கிறார் லெஸ்டர். "நான் சாகலையேடா" என்கிறார் இவர். "அது உன் தப்பு" என்கிறார் அவர். சாப்பாட்டுக்கூடத்தில் தினமும் இதுதான் கச்சேரி. இவ்வளவு நாள் "பரவாயில்லை" என்று முனகிக்கொண்டிருந்த கிழங்கள் எல்லாம் கட்சி பிரிந்து கத்துகின்றன. நேற்று நான் உள்ளே நுழைந்ததும் உங்கள் அப்பா, "வந்துட்டியா, பட்டினி போட்ட பாதகி" என்றார். தாழ்வாரத்துக்கு வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களோடு அவர் போடும் சத்தம் சமையலறைவரை கேட்கிறது. கத்துங்கள், நிறுத்தாதீர்கள்.

ஒன்றே ஒன்று. இனி எப்போதாவது நான் உங்களுக்கு மரியாதையாகக் கடிதம் எழுதினால், பூச்செடி கீச்செடி என்று நினைக்காமல் விமானம் ஏறுங்கள்.

பெரில்


டுலூத்
3 மார்ச் 1987

மதிப்பிற்குரிய திருமதி ரெட்டிங்கர் அவர்களுக்கு,

தொலைபேசியில் கூற இயலாத காரணத்தால் எழுதுகிறேன். நேற்று முதல் தங்கள் தந்தையாரைத் திரு. டோலஃப்சன் என்று அழைக்கத் தொடங்கியுள்ளேன்.

தங்கள்,
பெரில் ஹாலம்


தந்தி
டூசான், 6 மார்ச் 1987

விமானம் நாளைக் காலை. ஐயா போடுவதை உடனே நிறுத்து. நான் வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே இரு. திருப்பித் திட்ட அவருக்குத் தெம்பில்லை என்றால் அவர் பங்குக்கு நான் வந்து உன்னைத் திட்டுகிறேன். சோல்வே